புல்வெட்டு ஒப்பந்தமா, கெசட்டா, மரக்கன்றா? ஒரு தோட்டப்புற நகரின் பொதுநிலம் குறித்து

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிறு நகரம். தோட்டத்தின் ஒரு டிவிஷன் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, பால்மரமும் பிறகு செம்பனையும் நின்ற மண்ணில் இன்று ஒரு தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, எழுந்திருக்கிறது. அதனோடு சேர்ந்து பொதுநிலமாகக் கைமாறியவை ஒரு விளையாட்டுத் திடல், மழைநீரைத் தேக்கி வைக்கும் ஒரு குளம், சிற்றாற்றின் இரு கரைகள், பழைய துரை பங்களாவுக்குப் போன சாலையில் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள், வீடுகளின் பின்புறச் சந்துகளை ஒட்டிய குறுகிய துண்டு நிலங்கள் ஆகியவை. இவற்றில் வாழும் செடிகொடிகளையும் பறவை பூச்சிகளையும் காக்க என்ன செய்யலாம் என்று மாவட்ட மன்றம் குடியிருப்பாளர் சங்கத்திடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்டிருக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஐந்து யோசனைகள் வந்தன. ஐந்தையும் செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். ஆனால் மன்றத்தின் பணமும் ஆள்பலமும் ஒன்றிரண்டுக்குத்தான் போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எனவே எதை முதலில் கேட்பது என்பதைத் தீர்மானிக்கவே இந்த ஒப்பீடு.

ஒப்பிடுவதற்கு மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, அந்த யோசனையை நிறைவேற்றும் அதிகாரம் மன்றத்தின் கையிலேயே இருக்கிறதா அல்லது மாநில அரசின் கதவைத் தட்ட வேண்டுமா என்பது. இரண்டாவது, அது எத்தனை உயிர்களுக்குப் பயன்படும் என்பது. மூன்றாவது, இன்று முடிவெடுப்பவர்கள் போன பிறகும் அது நிலைக்குமா என்பது. இந்த மூன்றாவது கேள்வியைச் சிலர் அலட்சியமாகப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டவை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நால்வருக்கு மிகாமலும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். ஒரு நியமனக் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டாது. நல்லெண்ணம் கொண்ட ஓர் உறுப்பினர் இன்று கொடுக்கும் வாக்கு அவருக்குப் பின் வருபவரைக் கட்டுப்படுத்தாது.

கூட்டத்தில் அதிகக் கைதட்டல் பெற்ற யோசனை மரம் நடுதல். அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு பத்துக் கோடி மரங்கள் நடும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, கன்று நடாத மன்றமும் இல்லை, மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளாத பிரமுகரும் இல்லை. மரம் நடுவது தீங்கான செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தைப்பிங் ஏரிப் பூங்கா 1880ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழிகளிலிருந்து உருவானது. அங்கே அன்று நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி ஏரி நீரைத் தொடுகின்றன. நூறாண்டுப் பொறுமை இருந்தால் நடுதல் பலன் தரும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் எங்கள் திடலில் நிலைமை வேறு. நடப்பட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் கயிறு அடிமரப் பட்டையைச் சுற்றி உரித்ததால் பட்டுப்போயின. கன்றைக் கொன்றது வறட்சியும் இல்லை, கால்நடையும் இல்லை. மன்றமே சம்பளம் கொடுத்து அனுப்பிய எந்திரம். மேலும், மன்றங்கள் வழக்கமாக நடும் அழகுப் பனைகளும், 'மலேசிய சக்குரா' என்று செல்லமாக அழைக்கப்படும் இளஞ்சிவப்புப் பூமரங்களும் கண்ணுக்கு விருந்தாகலாம், ஆனால் இங்குள்ள பறவைகளுக்கு அவற்றில் உண்பதற்கு அதிகம் இல்லை. நடுவதானால் ஆற்றங்கரைக்குப் புன்னையும் நாவல் இனங்களும், சாலையோரத்துக்குப் பூமருதும், இடம் தாராளமாக இருக்கும் மூலைகளில் அத்தி இனங்களும் நடலாம். எப்படியும் இது ஒப்பந்தத்தைச் சரிசெய்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது யோசனை, துரை பங்களாச் சாலையின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு மரப் பாதுகாப்பு ஆணை பெறுவது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது 172ஆம் சட்டத்தில், இதற்கென ஒரு பகுதியே இருக்கிறது. 35ஏ பிரிவின்படி ஊராட்சித் திட்டமிடல் அமைப்பான மன்றம் ஒரு மரத்தையோ மரக்கூட்டத்தையோ காக்க ஆணை பிறப்பிக்கலாம். அந்த ஆணை இல்லாத மரமானாலும், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டியிருந்தால் எழுத்து அனுமதி இன்றி வெட்டக்கூடாது என்று 35எச் பிரிவு சொல்கிறது. அதிகாரம் முழுவதும் மன்றத்தின் கையில் இருப்பதும், செலவு ஏறக்குறைய இல்லாததும் இந்த வழியின் பலம். மாநில அரசைக் கேட்க வேண்டியதில்லை, நில அலுவலகத்தில் காத்திருக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் இதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆணை பிறப்பிப்பவரும் வெட்ட அனுமதி கொடுப்பவரும் ஒரே அலுவலகம் என்பது ஒரு காரணம். ஆபத்தான மரத்துக்கு விலக்கு உண்டு என்பது இன்னொன்று. அந்த விலக்கு நியாயமானதே. 2024ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூரின் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்த பிறகு, சாலையோரத்து முதிர்ந்த மரம் என்றாலே அதிகாரிகளுக்கு ஒருவித அச்சம் வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரு வல்லுநரின் ஆய்வு இல்லாமல், 'ஆபத்து' என்ற ஒரே சொல்லால் எந்த மரத்தையும் சாய்த்துவிடலாம் என்ற நிலை வந்தால் ஆணையின் மதிப்பு காகிதத்தோடு நின்றுவிடும். இதைவிட முக்கியமான குறை, அந்த ஆணை மரத்தை மட்டுமே காக்கிறது என்பது. மரத்தடிப் புதர், அதன் நிழலில் வளரும் பன்னம், பட்டைப் பொந்தில் கூடு கட்டும் கொசுத்தேனீ ஆகிய எதுவும் அதன் கணக்கில் வராது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் கோடரி படாத மரம் ஒன்று இருக்கிறது. அது பழைய லயத்தின் முனையில் முனியாண்டி சூலத்துக்குப் பின்னால் நிற்கும் அரசமரம். லயம் போயிற்று, ரோலர் வண்டிகள் வந்து போயின, அந்த மரம் மட்டும் நிற்கிறது. பழம் பழுக்கும் பருவத்தில் பச்சைப் புறாக்களும் குக்குறுவான்களும் அதில் மொய்ப்பதை யாரும் பார்க்கலாம். முனியாண்டியின் சூலத்துக்கு இருக்கும் மரியாதை 172ஆம் சட்டத்துக்கும் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாநிலத்தின் எல்லா மரங்களுக்கும் பின்னால் சூலம் நட முடியாது. நட்டால் அடுத்த பிரச்சினை நில அலுவலகத்திலிருந்து வரும்.

மூன்றாவது யோசனையைக் கூட்டத்தில் யாரும் யோசனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. புல்வெட்டு ஒப்பந்தத்தின் விதிகளை மாற்றுவதுதான் அது. நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைப் பற்றித்தான். காரணம், ஒரு மன்றம் தன் பொதுநிலத்தில் வாழும் உயிர்கள்மீது அன்றாடம் செலுத்தும் தாக்கம் இந்த ஒப்பந்தத்தின் வழியாகவே நிகழ்கிறது. மன்றம் பூங்கா திறப்பது பத்தாண்டுக்கு ஒரு முறை. புல் வெட்டுவதோ எங்கள் ஊரில் மாதம் இரு முறை.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, குத்தகையாளரின் ஆட்கள் மூவர் முதுகில் எந்திரத்தைச் சுமந்துகொண்டு சாலையோரத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்கள். நேராக இறங்கி, நீர் விளிம்பில் இடுப்பளவு வளர்ந்திருந்த கோரைப்புல் வரை வந்தார்கள். கோரைக்குள்ளிருந்து வெண்மார்புக் கானாங்கோழி ஒன்று கத்திக்கொண்டு வெளியே ஓடியது. மலாய்க்காரர்கள் 'ருவாக்-ருவாக்' என்று அதன் குரலாலேயே அழைக்கும் பறவை அது. அதன் பின்னால் அடுப்புக்கரித் துண்டுகள் போன்ற நான்கு குஞ்சுகள் வெட்டிய புல்லின்மேல் தடுமாறி உருண்டு கால்வாய்ப் பக்கம் போயின. முன்னால் நின்ற இளைஞர் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவை போகும்வரை காத்திருந்தார். பிறகு தயங்கியபடியே மீதிக் கோரையையும் வெட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் கூலி கொடுப்பார்கள், படத்தில் புல் தெரிந்தால் அந்தத் துண்டுக்குக் காசு வராது என்றார். மறுநாள் கால்வாய் ஓரம் நெடுக ஓர் அடி அகலத்துக்குப் புல் பழுப்பு நிறமாகக் கருகிக் கிடந்தது, களைக்கொல்லி தெளித்திருந்தார்கள். அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை அவர் ஒழுங்காகச் செய்தார். எழுதியிருந்ததுதான் பிழை.

இப்போதைய ஒப்பந்தம் எல்லா நிலத்தையும் ஒரே நிலமாகப் பார்க்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடும் திடலுக்கும், யாரும் கால் வைக்காத குளச் சரிவுக்கும் ஆண்டுக்கு இருபத்து நான்கு சுற்றுகள். நான் முன்வைக்கும் மாற்றம் நிலத்தை மூன்றாகப் பிரிப்பது. திடல், நடைபாதையின் இரு பக்கமும் ஒரு மீட்டர், வீட்டு வேலிகளிலிருந்து பத்து மீட்டர் வரையிலான பகுதி ஆகியவற்றில் இப்போதுபோலவே மாதம் இரு முறை குட்டையாக வெட்டலாம். குளத்தின் சரிவுகளிலும் ஆற்றங்கரையின் மேல்பகுதியிலும் ஆண்டுக்கு நான்கு சுற்றுகள் போதும். அதிலும் ஒரு சுற்றில் பாதிக் கரையை மட்டும் வெட்டி, மறுபாதியை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். அப்போது ஓடி ஒளிய எப்போதும் ஒரு பாதி இருக்கும். நீர் விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கோரையைத் தொடவே கூடாது. மண் சரியாமல் பிடித்து வைப்பதும் அதுதான். நடைபாதை ஓரம் மட்டும் ஒழுங்காக வெட்டியிருந்தால், பின்னால் உயர்ந்து நிற்கும் புல்லைப் பார்ப்பவர்கள் மன்றம் வேலை செய்யாமல் விட்டதாக நினைக்க மாட்டார்கள். இது சிறிய விஷயம்போலத் தெரியும். ஆனால் புகார்த் தொலைபேசி அழைப்புகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இதுதான்.

குத்தகையாளர் இதை எதிர்ப்பார், ஏனென்றால் அவருக்குப் பரப்பளவையும் சுற்றுகளையும் பெருக்கித்தான் பணம். சுற்றுகளைக் குறைத்துப் பணத்தையும் குறைத்தால், அடுத்த வாரமே தாமான் முழுவதும் புல் வளர்ந்துவிட்டது என்ற செய்தி உறுப்பினரின் காதுக்குப் போகும். ஆகவே தொகையைக் குறைக்காமல் வேலையை மாற்றுவதே புத்திசாலித்தனம். மிச்சமாகும் சுற்றுகளுக்குப் பதிலாகக் குளத்து ஆகாயத்தாமரையைக் கையால் அகற்றுவது, கரையில் தானாக முளைத்துப் பரவும் அக்கேசியா கன்றுகளைப் பிடுங்குவது, நட்ட மரக்கன்றுகளைச் சுற்றி எந்திரம் படாமல் கையால் களை எடுப்பது ஆகியவற்றை அதே ஆட்களுக்குக் கொடுக்கலாம். களைக்கொல்லியைத் திடலிலும் நீர்நிலை ஓரத்திலும் பயன்படுத்தக்கூடாது என்ற ஒரு வரியும் சேர வேண்டும். தோட்டத்தில் மருந்தடித்த பெண்களைத் தாயாகவும் அத்தையாகவும் கொண்ட ஊர் இது. பாராகுவாட் இந்நாட்டில் 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் தடை செய்யப்பட்டபோது அது ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடுகிறேன். சாலைக்கு அந்தப் பக்கம், கம்பெனி நிலத்தில், செம்பனை வரிசைகளின் ஓரமாக மஞ்சள் பூப் பூக்கும் தர்னெராவை அவர்களே நட்டு வளர்க்கிறார்கள். செம்பனை ஓலையைத் தின்று தீர்க்கும் பைப்புழுவின்மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன் உணவு. எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இளஞ்செம்பனைகளுக்கு இடையில் தரை தெரியாமல் மூடுகொடி படர விட்டிருக்கிறார்கள். இவை எதுவும் இயற்கைமேல் கொண்ட காதலால் செய்யப்படுவதில்லை. மருந்துச் செலவு மிச்சமாகிறது என்பதே கணக்கு. லாபத்துக்காக நடக்கும் தோட்டம் பூச்சிக்கு இடம் கொடுக்கிறது. பொதுநலத்துக்காக நடக்கும் மன்றம் பத்தடி இந்தப் பக்கத்தில் அதே தர்னெராவை, அது தானாக வந்து முளைத்திருந்தாலும், எந்திரத்தால் அரைத்துவிடுகிறது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மண்டோர்கள், அதாவது வேலை மேற்பார்வையாளர்கள், நம் தாமானில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மன்றம் வெளியூர் ஆலோசகரை அழைக்கும் முன் அவர்களிடம் ஒரு காலைப் பொழுது பேசலாம்.

புல்லை வளர விடுவதற்கு எதிராகப் பாம்பையும் கொசுவையும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. நாகம் வருவது எலியைத் தேடி. எலி வருவது சந்தில் கொட்டிய உணவுக் கழிவைத் தேடி. வீட்டு வேலியிலிருந்து பத்து மீட்டர் குட்டையாக வைக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம். டிங்கிக் கொசு முட்டையிடுவது புல்லில் இல்லை. தேங்கிய நீர் உள்ள பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைத்துக்கொண்ட கூரைத் தாரை போன்றவற்றில்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஏடிஸ் இனங்களில் ஒன்றான ஏடிஸ் அல்போபிக்டஸ் மரப்பொந்துகளிலும் நீர் தேங்கிய வெட்டுமூங்கில் கட்டைகளிலும் முட்டையிடும், பகலில் புதர் நிழலில் தங்கும். ஆகவே வீட்டை ஒட்டிப் புதர் வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மறுபுறம், குளத்தில் கோரை இருந்தால் தட்டான்கள் இருக்கும். அவற்றின் இளம்பருவம் நீருக்குள் கொசுப் புழுக்களை வேட்டையாடும், வளர்ந்த பின் காற்றில் கொசுவையே பிடிக்கும். கரையை மொட்டையாக வெட்டிவிட்டு, பிறகு புகையடிக்கும் வண்டியை அழைப்பது ஒரே பணத்தை இரண்டு முறை செலவழிப்பது.

இந்த வழிக்கு ஒரு நில எல்லையும் உண்டு. திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது ஜொகூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்கள் அதில் சேர்ந்தன. அங்கே சாலையோரப் புல்வெட்டு மத்திய அமைப்பின் கீழுள்ள குத்தகை உரிமை பெற்ற நிறுவனங்களிடம் போய்விட்டது. பேராக், சிலாங்கூர், பினாங்கு போன்றவை அப்போது சேரவில்லை. எனவே எங்கள் மன்றம் தன் ஒப்பந்தத்தைத் தானே எழுதுகிறது, தானே திருத்தலாம். ஜொகூரில் ஒரு தோட்டப்புற நகரவாசி இந்தக் கட்டுரையைப் படித்தால், அவர் முதலில் தட்ட வேண்டிய கதவு வேறு.

ஒப்பந்தத்தின் பெரிய குறை அதன் ஆயுள். ஓரிரு ஆண்டுகளில் அது முடியும். அடுத்த ஒப்பந்தத்தை எழுதும் அதிகாரி பழைய படிவத்தை எடுத்து நகல் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இங்கேதான் நான்காவது யோசனையான கெசட் வருகிறது.

தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு தன் நிலத்தைப் பொது நோக்கத்துக்காக ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பில் எந்த நிலம், எந்த நோக்கம், யார் பொறுப்பு அதிகாரி என்பது எழுதப்படும். பிறகு அதை ரத்து செய்ய வேண்டுமானால் 64ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அரசிதழில் தெரிவித்து, விசாரணை நடத்தி, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே செய்ய முடியும். அதாவது நிலம் கைமாறுவதற்கு முன் ஊருக்குச் செய்தி வரும். கெசட் ஆகாத 'பசுமைப் பகுதி' என்பது வரைபடத்தில் பச்சை மை மட்டுமே. கெசட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை: 63ஆம் பிரிவின்படி ஒதுக்கிய நிலத்தையும் மாநில அரசின் ஒப்புதலோடு இருபத்தோர் ஆண்டுகள் வரை குத்தகைக்கு விடலாம். திடலின் ஒரு மூலையில் உணவுக்கடை வரிசை முளைப்பது பெரும்பாலும் இதுபோன்ற வாசல்களின் வழியாகத்தான்.

கெசட் செய்வது மன்றத்தின் கையில் இல்லை. மாநில அரசு முடிவெடுக்க வேண்டும், நில அளவை நடக்க வேண்டும், நில அலுவலகத்தின் வரிசையில் காத்திருக்க வேண்டும். எங்கள் குளத்தையே எடுத்துக்கொண்டால், அது யாருடையது என்று கேட்கப் போனபோது மூன்று மேசைகளுக்கு அனுப்பினார்கள். மேம்பாட்டாளர் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார், ஓர் அலுவலகம் இன்னும் ஏற்கவில்லை என்றது, மற்றொன்று வடிகால் நீர்ப்பாசன இலாகாவைக் கேளுங்கள் என்றது. உரிமை தெளிவாகாத நிலத்தைக் காக்க யாரும் கையெழுத்திட மாட்டார்கள். ஆனால் அதே உரிமைக் குழப்பத்தில்தான் ஒரு நாள் யாரோ அதற்கு விண்ணப்பம் போட்டு வாங்கிவிடுவார்கள். ஆற்றங்கரைக்கு நிலைமை கொஞ்சம் தெளிவு. அந்த இலாகாவின் வழிகாட்டியின்படி, ஐந்து முதல் பத்து மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரைகளிலும் பத்துப் பத்து மீட்டர் ஒதுக்கீடு இருக்க வேண்டும். ஐந்து மீட்டருக்குக் குறைந்தால் ஐந்து மீட்டர், நாற்பதைத் தாண்டினால் ஐம்பது. எங்கள் சிற்றாறு ஏழு மீட்டர் அகலம். பத்து மீட்டர் என்பது வழிகாட்டி அளவு மட்டும். அரசிதழில் ஏறினால்தான் அது எல்லை.

கெசட்டின் தேவையையும் அது இல்லாதபோது எழும் சங்கடத்தையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புபவர்கள் கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாராவைப் பார்க்கலாம். திட்ட வரைபடத்தில் பொதுப் பூங்காவாகக் காட்டப்பட்டிருந்த அந்த நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டக் கொடுக்கப்பட்ட அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்கா தப்பித்தது. ஆனால் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி, புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து எண்பதுகளில் தற்காலிக வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்ட முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகள் என்பதையும் மறக்கக்கூடாது. நிலையான வீட்டுக்காக நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கோரிக்கையும், பூங்காவைக் காக்க நின்றவர்களின் கோரிக்கையும் ஒரே நிலத்தில் மோத விடப்பட்டதுதான் அங்கே நடந்த அநீதி என்பது என் கருத்து. கெசட் முன்பே ஆகியிருந்தால், வீடு எங்கே கட்டுவது என்ற கேள்வியை வேறு நிலத்தில் கேட்டிருப்பார்கள்.

ஐந்தாவது யோசனை, ஒரு துண்டு நிலத்தை ஊராரே பொறுப்பேற்றுப் பராமரிப்பது. உள்ளூர் அஜெண்டா 21 என்ற நிலையான வளர்ச்சித் திட்டத்தின் பெயரில் பல மன்றங்கள் இதற்குக் கொஞ்சம் பணம் கொடுக்கின்றன. முதல் ஆறு மாதம் இது சிறப்பாக நடக்கும். பிறகு முன்னின்று நடத்திய ஆசிரியர் மாறுதலாகிப் போவார், இளைஞர்கள் வேலை தேடிச் சிலாங்கூருக்குப் போவார்கள், பொறுப்பு இரண்டு முதியவர்களின் தோளில் வந்து நிற்கும். இன்னொன்று, 'சமூகத் தோட்டம்' என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கத்தரியும் வெண்டையும்தான். கரைக் கோரையை வெட்டிவிட்டுப் பாத்தி கட்டினால் கானாங்கோழிக்கு எந்திரமும் மண்வெட்டியும் ஒன்றுதான். ஊரார் தனியாகப் பொறுப்பேற்பதைவிட, ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் கண்ணாக இருப்பது பொருத்தம். தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை குளத்தைச் சுற்றி வந்து, கண்ட பறவைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினால், மூன்று ஆண்டுகளில் மன்றத்திடம் இல்லாத ஒரு பதிவு ஊரிடம் இருக்கும். அரசிதழ் விண்ணப்பத்தோடு இணைக்க அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆகவே சங்கத்துக்கு என் பரிந்துரை இந்த வரிசையில் அமைகிறது. நடப்புப் புல்வெட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதற்கு முன், மூன்று பகுதிகளையும் காட்டும் ஒரு பக்க வரைபடத்தையும் புதிய விதிகளின் வரைவையும் மன்றத்தின் கையில் கொடுக்க வேண்டும். அதற்குத் தனிப் பணம் கேட்க வேண்டியதில்லை. மன்றம் ஒதுக்கவிருக்கும் சிறு தொகையை, கன்று வாங்காமல், குளத்துக்கும் ஆற்றங்கரைக்கும் நில அளவை செய்யப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். கெசட் விண்ணப்பத்தில் மாதக்கணக்கில் தாமதமாவது அந்த அளவை வேலைதான். தூங்குமூஞ்சி மரங்களுக்கான ஆணையை அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம், இரண்டு பக்கக் கடிதம் போதும். ஆனால் வெட்டுவதற்கு முன் மர வல்லுநரின் அறிக்கை வேண்டும் என்பதையும் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஆற்றின் கிழக்குக் கரையில், கெசட் ஆகப்போகும் அந்தப் பத்து மீட்டருக்குள், லயத்திலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் வாழையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார்கள். தாமானில் அவர்களுக்குக் கிடைத்த வீட்டில் முன்புறம் சிமெண்டு, பின்புறம் சந்து. தோட்டத்தில் இருந்த காலம்போல ஒரு கீரைப்பாத்தி வைக்க அவர்களுக்கு வேறு மண் இல்லை. நிலம் அரசிதழில் ஏறியதும் நிலச் சட்டத்தின் 425ஆம் பிரிவு அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லும். விண்ணப்பம் போகும் முன் திடலின் வடக்கு ஓரத்தில், மாதம் இரு முறை எந்திரம் ஓடும் அந்த வெறும் புல்தரையில், அவர்களுக்கு எழுத்து மூலம் ஒரு பாத்தி ஒதுக்கித் தர மன்றம் சம்மதித்தால் நான் கெசட் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவேன். சம்மதிக்காவிட்டால், முதலில் குளத்தை மட்டும் கெசட் செய்யக் கேட்டுவிட்டு, ஆற்றங்கரையைப் புல்வெட்டு ஒப்பந்தத்தின் புதிய விதிகளோடு இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.